சீட்டு இல்லாத நான்கு இரவுகள்

2022 நவம்பர் 14, திங்கட்கிழமை, காலை ஐந்து நாற்பது. இரவெல்லாம் தூறி, விடியப்போகும் நேரத்திலும் பனி விலகவில்லை. பெங்களூர் ரயிலுக்குப் போகிறவர்களின் செருப்புச் சத்தம் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது கட்டில் ஆடியது. அதை ஒட்டியிருந்த அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு அந்த ஆட்டம் பழக்கம். சுரங்கம் ஓடிய காலத்தில் கீழே பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்கும். யாரும் எழுந்து ஓடமாட்டோம். அடங்கும்வரை படுத்தபடியே எண்ணுவோம். சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேலாகியும் அன்று நான் கண்ணைத் திறக்காமல் எண்ணினேன். எப்போதும் பன்னிரண்டுக்குள் அடங்கிவிடும். நாற்பதைத் தாண்டியும் அடங்கவில்லை. விளக்கைப் போட்டபோது, பக்கத்தில் என் மனைவி கைகால் வெட்டி வெட்டி இழுக்க, வாயோரம் நுரையோடு கிடந்தாள். நான் பிடிப்பதற்குள் கீழே விழுந்துவிட்டாள்.

பதினோரு வருடத்துக்கு முன் அவள் தம்பி இறந்தபோது ஒன்பது இரவுகள் அவள் தூங்கவில்லை. எங்கள் டாக்டர் பதினைந்து நாளைக்கு மட்டும் தூக்க மாத்திரை எழுதினார். அன்றே தூங்கினாள். அதனால் அந்த மாத்திரையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பதினைந்து நாள் பதினோரு வருடமானது. நிறுத்துவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நடக்கும்போது தள்ளாடினாள், குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். வயதாகிறது என்று நினைத்தோம்.

அந்த அக்டோபரில் டாக்டர் காலமானார். நவம்பர் பத்தாம் தேதி, வியாழக்கிழமை, மாத்திரை தீர்ந்தது.

“சீட்டு இல்லாம இத குடுக்கறதில்ல தாத்தா. டாக்டர்கிட்ட போங்க” என்றார் மருந்துக் கடைக்காரர்.

“அவரு போய்ச் சேந்துட்டாரேப்பா. நான் எங்க போயி வாங்கறது?”

“நீங்க அவசரப்பட்டு அங்க போயிடாதீங்க! பங்காருபேட்டைல ஒரு டாக்டர் கீறாரு. ஊருக்குப் போயிருக்காரு, திங்கக்கெழம வந்துடுவாரு.”

வீட்டில் அவள் சிரித்தாள். “இன்னாங்க, மூஞ்சி தொங்கிப்போச்சு? நாலு நாள் தூங்கலன்னா செத்தா பூடுவேன்? நைட் ஷிப்டுன்னு நெனச்சிக்கறேன், போங்க.”

மறுநாள் கை நடுங்கியது. சனிக்கிழமை வேர்த்துக் கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். சுவரில் எறும்பு இல்லை. தூக்கம் கெட்டதால் வந்தது, நாளைக்கு மாத்திரை கிடைத்தால் சரியாகிவிடும் என்றிருந்தேன்.

விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கோலார் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், “பெரியவரே, இத்தன வருஷம் சாப்பிட்டத ஒரேயடியா நிறுத்தக்கூடாது. மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும். இல்லன்னா இப்படி வலிப்பு வரும்” என்றார்.

“எங்களுக்கு யாரும் சொல்லலியே” என்றேன்.

அங்கே அந்த மாத்திரையையே மறுபடி கொடுத்தார்கள். வலிப்பு திரும்ப வரவில்லை. இடுப்புக்கு ஆபரேஷன் செய்தார்கள். படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டியது. பத்தொன்பதாம் நாள் மதியம் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது, பிணம் என்பதால் ஆம்புலன்ஸ்காரர் எழுநூறு ரூபாய் கூடக் கேட்டார். கொடுத்தேன். ஆஸ்பத்திரிச் செலவு, அதையும் சேர்த்து, மொத்தம் இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.