சதுப்புக்காட்டு மந்தையும் அமானுல்லாவின் செம்மண்ணும்

செய்யது மைதீன் மகன் அமானுல்லா (1961–2024).

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கத்தில் பிறந்து அவ்வூரிலேயே அடக்கமானவர். தந்தையார் தொண்டிக் கரையிலிருந்து வந்து அங்கே சாப்பாட்டுக் கடை வைத்தவர். கல்லாவில் உட்காருவது மகனுக்கு ஒத்துவரவில்லை. கடையை மனைவி ரசியாவின் தம்பி நவ்சாத்திடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு பல்கலைக்கழகத்தின் வனவிலங்கு ஆய்வுப் பிரிவில் கள உதவியாளராகச் சேர்ந்தார். தெப்ராவ் குப்பைமேட்டுக் காகங்களையும், அயலிலிருந்து வந்து பெருகி உள்ளூர்ப் பறவைகளின் பொந்துகளைப் பிடித்துக்கொண்ட மைனாக்களையும் எண்ணியே அவருடைய நடுவயது கழிந்தது. எண்ணியவற்றுள் பெருக வேண்டாதவை பெருகின. இருக்க வேண்டியவை அருகின. அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. முழங்கால் வலியைப் பற்றித்தான் பேசுவார்.

ஓய்வு பெற்ற பின்னர், 2022ஆம் ஆண்டு, அவரை மீண்டும் அழைத்தார்கள். பன்றிகளையே கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தோட்டப்புறங்களில் பரவி, செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை மரங்களினடியில் காட்டுப் பன்றிகள் செத்துக் கிடந்த காலம் அது. ஆய்வுக்குத் தலைமை ஏற்றிருந்தவர் விலங்கு மருத்துவர் சாருமதி. இந்த வேலை உங்களுக்கு வேண்டாமென்றால் வருத்தப்பட மாட்டேன் என்று அவர் முன்கூட்டியே சொன்னார். தேவைக்காகத் தொடுவதில் குற்றமில்லை, தொட்ட பின் முறைப்படி கழுவினால் போதும் என்று பள்ளிவாசல் உஸ்தாதும் சொல்லிவிட்டார். ஆகவே அமானுல்லா ஒப்புக்கொண்டார்.

அந்த முறை எல்லாரும் அறிந்ததே: ஏழு தடவை கழுவ வேண்டும், அவற்றுள் ஒரு தடவை மண் கரைத்த நீரால் கழுவ வேண்டும். அதற்கென்றே களிமண் கலந்த சோப்பு கடைகளில் கிடைக்கிறது. சாருமதி ஒரு கட்டி வாங்கிக் கொடுத்தார். அமானுல்லாவுக்கு அதில் மனம் நிறையவில்லை. மண் என்றால் மண்ணாக இருக்க வேண்டும் என்று அவர் பால்மாவு டின் ஒன்றில் செம்மண் நிரப்பி வைத்துக்கொண்டார்.

வீட்டில் அந்த விலங்கின் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை, ‘அது’ என்பார்கள். ரசியா ஒரு நாள் கேட்டார்: “கைய ஏழு தரம் கழுவிட்டு வர்றீங்க, சரி. கடைக்கு வர்றவங்க வாய எத்தன தரம் கழுவுறது?” நவ்சாத்தின் கடையில் அவருக்கென்று ஒரு தனிக் குவளை ஒதுக்கப்பட்டது. வேடிக்கைக்காகத்தான் என்றார் நவ்சாத். அமானுல்லா அந்தக் குவளையிலேயே தேநீர் குடித்தார்.

பொந்தியான் பக்கத்தில், தோட்டங்களுக்கு நடுவே எஞ்சியிருந்த ஒரு சதுப்புக் காட்டில் தாடிப் பன்றிகளின் மந்தை ஒன்று வாழ்ந்தது. ஜொகூரில் அவ்வகை அருகிவிட்டது. ஓய்வுக்கு முன்பிருந்தே அம்மந்தையைக் கேமரா வைத்துப் பார்த்துவந்தவர் அமானுல்லா. காது கிழிந்த பெரியதொரு பெண்பன்றிதான் அதற்குத் தலைவி. காய்ச்சல் அக்காட்டை எட்டவில்லை என்பதே ஆய்வுக் குழுவின் நம்பிக்கை.

செப்டம்பரில் அங்கே இரண்டு உடல்கள் கிடந்தன. காலையில் ஒன்றையும் பிற்பகலில் மற்றொன்றையும் அறுத்து மாதிரி எடுத்தார்கள். முதலாவதில் நோய் இல்லை. இரண்டாவதில் நோய் இருந்தது. செய்தி வெளியானதும் காட்டை ஒட்டியிருந்த பன்றிப் பண்ணைக்காரர்கள் முறையிட்டார்கள். மந்தை முழுவதையும் சுட்டு வீழ்த்த ஏற்பாடாயிற்று. நாளும் குறிக்கப்பட்டது.

அமானுல்லாவுக்கு ஒன்று பொருந்தவில்லை. இரண்டு உடல்களும் அருகருகே கிடந்தவை. ஒன்றாகவே சேற்றில் அமிழ்ந்து இறந்தவை போலத் தோன்றியவை. ஒன்றில் மட்டும் நோய் எப்படி வந்தது? அந்த நாளை அவர் மனத்தில் மறுபடி நடந்து பார்த்தார். முதல் உடலை அறுத்ததும் கத்தியை மருந்து நீரில் முக்கிக் கிருமி நீக்கினார். பிறகு நண்பகல் கடந்து லுஹர் தொழுகைக்கு நேரமாயிற்று. வழக்கமாக வேலையெல்லாம் முடிந்த பின்னரே மண் கரைத்துக் கழுவுவார். அன்று தொழுகை நடுவில் வந்தமையால், கையையும் காலணியையும் கழுவியபோது கத்தியையும் சேர்த்துக் கழுவினார். சதுப்பு நிலத்தில் இருப்பது மக்கிய இலையும் வேருமே. அதை மண்ணென்று அவர் கருதவில்லை. ஆகவே டின்னைத் திறந்தார். தொழுத பின் அதே கத்தியை எடுத்துக்கொண்டு இரண்டாவது உடலிடம் போனார்.

டின்னிலிருந்த செம்மண், சிம்பாங் ரெங்கத் தோட்டத்தில் நோயால் செத்த பன்றிகளைப் புதைத்த குழியின் மேட்டிலிருந்து எடுத்தது. புதிதாகத் தோண்டியிருந்ததால் மண் பொலபொலவென்று இருந்தது. அள்ளுவதற்கு எளிதாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. கத்தியில் ஒட்டிய அந்த மண்ணே நோயை இரண்டாவது மாதிரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

மறுநாள் காலை, தெப்ராவில் இருந்த ஆய்வுப் பிரிவுக்குப் பேருந்து ஏறினார். சாருமதி முழுவதையும் கேட்டார். முகத்தைக் கைகளால் தேய்த்துக்கொண்டார்.

“நான்தான் சோப்பு குடுத்தேனே, அங்கிள்.”

“குடுத்தீங்க, டாக்டர். குளியலறையில இருக்கு. பிரிக்கல.”

சாருமதி சிரிக்கவில்லை. “இத நான் மேல சொன்னா உங்கள வேலையில வச்சிருக்க மாட்டாங்க. நம்ம எடுத்த மத்த மாதிரியையும் யாரும் நம்ப மாட்டாங்க. அது தெரியும்ல?”

“தெரியும். அதுங்கள எப்ப சுடப் போறாங்க?”

“திங்கக்கிழமை.”

“அப்ப இன்னைக்கே சொல்லிருங்க, டாக்டர்.”

சொன்னார். சாருமதி சொன்ன பேரில் துப்பாக்கிக்காரர்கள் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். மறுபரிசோதனைக்கு மந்தையின் எச்சில் தேவைப்பட்டது. கயிற்றில் சோள மாவும் உப்பும் தடவித் தொங்கவிட்டு, பன்றிகள் மென்று போன பின் அதைப் பிழிந்து எடுக்க வேண்டும். வேலையை இழந்திருந்த அமானுல்லா ஊதியமில்லாமலே போய்க் கயிறு கட்டினார். தடங்கள் அவருக்குத்தான் தெரியும். அம்முறை கழுவுவதற்குச் சோப்பைப் பிரித்தார். முடிவு நவம்பரில் வந்தது. மந்தையில் நோயில்லை. சுடும் ஆணை விலக்கப்பட்டது. கிழிந்த காதுக்காரி சனவரியில் குட்டிகளோடு கேமராவில் தெரிந்தாள். அந்தப் படத்தைச் சாருமதி அவருக்குக் கைப்பேசியில் அனுப்பினார். அவர் அதை ரசியாவிடம் காட்டினார். ரசியா எட்டிப் பார்த்துவிட்டு, குட்டி எதுவானாலும் குட்டிதான் என்று மட்டும் சொன்னார்.

மார்ச்சில் பெருமழை பெய்தது. மழை ஓயும் மாதத்தில் அப்படிப் பெய்யும் என்று எவரும் எண்ணவில்லை. சிம்பாங் ரெங்கத்தில் நவ்சாத்தின் கடைக்குள்ளும் தண்ணீர் வந்தது. சதுப்புக் காடு முழுகியது. மந்தை நீந்தி மேட்டுநிலம் தேடிச் செம்பனைத் தோட்டத்தில் ஏறியது. அங்கே நோய் இருந்தது.

ஏப்ரல் முழுவதும் உடல்கள் கிடைத்தன. கிழிந்த காதுக்காரியை ஒரு வாய்க்கால் ஓரத்தில் கண்டெடுத்தார்கள். சாருமதி இரண்டு மாதிரிகள் எடுத்தார். இரண்டிலும் நோய் இருந்தது.

கடையைக் கழுவிக்கொண்டிருந்த நவ்சாத்துக்கும் செய்தி தெரிந்திருந்தது. “அன்னைக்கே சுட விட்டிருந்தா ஒரேடியா முடிஞ்சிருக்கும். உங்க வேலையும் போயிருக்காது, மச்சான்.”

அமானுல்லா சேறு வழிந்த நாற்காலியொன்றைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். “குட்டி போட்டுச்சு லா,” என்றார். நவ்சாத் தேநீர் கலந்து, கைக்கு அகப்பட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார்.

மந்தை இல்லாத காட்டில் கேமராக்கள் வேண்டாமென்று முடிவாயிற்று. எடுத்துவர ஆள் அனுப்புவதாகச் சாருமதி சொன்னார். இடங்களைச் சொல்லி விளக்குவதைவிடத் தாமே போய்வருவது எளிது என்றார் அமானுல்லா. முழங்கால் வலியோடு ஒவ்வொரு மரமாகச் சென்று கேமராக்களைக் கட்டியிருந்த வாரைத் தளர்த்திக் கழற்றினார். கடைசிக் கேமராவின் படங்களை அங்கேயே நின்று பார்த்தார்: தண்ணீர், பிறகு சேறு, பிறகு சேற்றைக் கிளறும் ஓர் உடும்பு. கேமராவை நிறுத்திப் பையிலிட்டு, மாலைக்குள் சாருமதியிடம் சேர்த்தார். அதுவே அவருடைய கடைசிக் களப்பணி; நாள் 2023 சூன் 17.