தொடக்கூடாத ரேடியோ

அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது 1964 அக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது ஞாயிறு என்பது என் கணக்கு. மூன்றாவது என்று அத்தை இன்றுவரை சாதிக்கிறாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பார்த்ததையெல்லாம் கோடு போட்ட நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் அந்த வயதிலேயே தொற்றிக்கொண்டிருந்தது. நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தின் மேல்மூலையை, சரியாகத் தேதி இருந்த இடத்தை, கரப்பான் அரித்துவிட்டது. சரித்திரத்துக்கு எதிரிகள் பல ரூபத்தில் வருகிறார்கள்.

மாதுங்காவில் எங்கள் வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. பெரியப்பா, அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று ஐந்து பேர். அந்த வருஷம் அத்தையைப் பெண் பார்க்க மூன்று குடும்பங்கள் வந்துபோயிருந்தன. மூன்றும் கேசரி சாப்பிட்டன. மூன்றும் மாடிப்படி இறங்கும்போது "லெட்டர் போடறோம்" என்றன. தபால்காரர் எங்கள் கட்டடத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை வருவார். அந்த லெட்டர் மட்டும் வரவில்லை. அத்தை தன் பட்டுப்புடவையை மடித்து உள்ளே வைத்த விதத்திலிருந்தே அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

நான்காவதாக வந்தது செம்பூர் வரன். பையன் பாங்கில் வேலை பார்த்தான். அவனுக்கு அம்மா இல்லை. அப்பா சரியான சங்கீதப் பைத்தியம் என்று ஜாதகம் கொண்டுவந்தவர் சொன்னார். அதைக் கேட்டதும் பெரியப்பாவின் பார்வை ஜன்னல் வழியாக இறங்கி, கீழே நின்ற காரின் மேல் விழுந்தது.

கார் பெரியப்பாவுடையது. அவருடைய ஆபீஸில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது சல்லிசாகக் கொடுத்துவிட்டுப் போனது. இங்கிலாந்தில் கார் செய்தவர்களே பொருத்தி அனுப்பிய வால்வு ரேடியோ ஒன்று அதில் இருந்தது. திருகினால், சூடாக ஒரு நிமிஷம், இரும ஒரு நிமிஷம். அதற்குப் பிறகுதான் பாட்டு. அரை மணி பாடினால் பாட்டரியை ஒட்ட உறிஞ்சிவிடும். பிறகு நாங்கள் காரைத் தள்ளுவோம். வரப்போகும் சம்பந்தியைக் காரில் ஏற்றி, பாட்டுக் கேட்கவைத்து, செம்பூரில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் 'லெட்டர்' என்ற சொல்லே அவர் வாயில் வராது என்று பெரியப்பா திட்டம் போட்டார். பழைய ரேடியோவை நம்பி அதைச் செய்ய முடியாது. புதிதாக வந்திருந்த டிரான்சிஸ்டர் ரேடியோதான் மாட்ட வேண்டும்.

குர்லாவில் ஒரு பட்டறையில் கார்களுக்கு ரேடியோ மாட்டிக்கொண்டிருந்த ஒருவர், அவர்கள் வருவதற்கு முந்தைய ஞாயிறு காலையில் வந்தார். திருநெல்வேலிக்காரர், தாராவியில் குடியிருந்தவர். அவர் பெயர் என் நோட்டில் இல்லை. 'ரேடியோ ஆள்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். காரின் நம்பரை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன்.

பழைய ரேடியோவை அரை மணியில் கழற்றி வெளியே எடுத்துவிட்டார். பிறகு பாட்டரியைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"சாமி, இதுல ஒரு சிக்கல் இருக்கு, பாத்துக்கிடுங்க. உங்க வண்டி இரும்பு முழுக்க பாட்டரி பிளஸ்ஸு. இந்தப் புது ரேடியோ டப்பா மைனஸு. டப்பா போயி வண்டியத் தொட்டுச்சுன்னா தீஞ்சிரும்."

"பழைய ரேடியோ தொட்டுண்டுதானே இருந்தது?" என்றார் பெரியப்பா.

"அது பழைய செட்டு. அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பாட்டரியவே மாத்திப் போட்டுரட்டா? அரை நாள் வேல. அப்புறம் ஏக்தம், சுத்தமா தொந்தரவு கிடையாது."

"அது மட்டும் வேண்டாம். காரணம் இல்லாமயா வெள்ளைக்காரன் அப்படி வெச்சிருப்பான்? வேற வழி பாருப்பா."

வேறு வழி, லாரி டியூபை வெட்டி ரேடியோவைச் சுற்றிலும் ரப்பர் கட்டுவது. ஏரியல் கம்பிக்கும் ரப்பர் சட்டை போட்டார். சூடு வெளியேறுவதற்காக ரேடியோவின் மேல்தகடு மட்டும் திறந்தே இருந்தது. ரப்பரின் பருமனால் அது பழைய ஓட்டைக்குள் முழுக்க நுழையாமல் நான்கு விரல்கடை வெளியே துருத்திக்கொண்டு ஒரு குட்டி அலமாரித் தட்டுபோல நின்றது. அதை ஒட்டி மேலே, காரின் பளபளக்கும் உலோகப் பட்டை ஓடியது.

"இதும்மேல எதையும் வச்சிராதீங்க. சாவி கூட ஆகாது. ரேடியோவும் வண்டியும் ஒண்ணையொண்ணு தொடப்படாது. நடுவுல ஒரு இரும்பு வந்தாலும் தொட்ட மாதிரிதான்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. குளித்து, தனியாக உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு அம்மா சமைக்கும்போது நாங்கள் யாரும் அவள்மேல் படக்கூடாது. பட்டால் அவள் மறுபடி குளிக்க வேண்டும்.

"பெரியப்பா, ரேடியோ மடி!" என்று கத்தினேன்.

பெரியப்பா ஓவென்று சிரித்தார். ரேடியோ ஆளும் சிரித்தார். "ரெண்டு வருசமா குர்லாவுல ஒவ்வொருத்தனுக்கும் இதை வெளக்கிட்டுக் கெடக்கேன், ஒருத்தனுக்கும் வெளங்கல. மாதுங்காவுல சின்னப் புள்ளைக்குப் பட்டுனு வெளங்கிட்டே!"

வேலை முடிந்ததும் அம்மா அவருக்குக் காபி கொண்டுவந்து கீழ்ப்படியில் வைத்தாள். வீட்டில் எங்களுக்குப் பித்தளை டம்ளர். அவருக்குக் கண்ணாடி கிளாஸ். அடுக்களை ஜன்னலுக்கு வெளியே தனியாக இருக்கும் கிளாஸ் அது. குடித்துவிட்டு அவரே குழாயடியில் அலம்பிக் கவிழ்த்து வைத்தார்.

அடுத்த ஞாயிறு, பெண் பார்க்க வந்தவர்கள் மூன்று மணிக்கு வந்தார்கள். பஜ்ஜி ஆயிற்று, கேசரி ஆயிற்று. பையனின் அப்பா கேட்டுக்கொண்டபடி அத்தை பாடினாள். சரணத்தில் தொண்டை கட்டி நின்றுவிட்டாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாலே காலுக்குக் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார்.

"நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள கிளம்பணும். நாங்க ஆத்துக்குப் போய் லெட்..."

"பேஷா! நம்ம கார்லயே போயிடலாம்!" என்று பெரியப்பா அந்தச் சொல்லைப் பாதியில் அமுக்கினார்.

அவசரத்தில் காபியை மறந்துவிட்டோம். அம்மா அடுக்களைக்கு ஓடினாள்.

பையனின் அப்பா முன்னால் உட்கார்ந்தார். பின்னால் பையனும், அழுது இடம் பிடித்த நானும். பெரியப்பா ரேடியோவைத் திருகினார். இருமல் இல்லை, கனைப்பு இல்லை. யாரோ ஒரு பெண்மணி பளிச்சென்று பாட ஆரம்பித்தார்.

"அட! உடனே பாடறதே!" என்று பையனின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று மணியிலிருந்து அவர் முகத்தில் தெரிந்த முதல் உயிர் அது. பெரியப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

கார் கேட்டைத் தாண்டும்போது அம்மா மூச்சிரைக்க ஓடிவந்து, ஜன்னல் வழியாகக் காபியை நீட்டினாள். சம்பந்தி மரியாதை, வெள்ளி டம்ளர். அவர் அண்ணாந்து இரண்டு வாய் ஊற்றிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பாட்டில் ஸ்வரம் ஆரம்பித்தது. தாளம் போடக் கை வேண்டியிருந்தது. டம்ளரை வைக்க இடம் தேடினார். கண்ணெதிரே அழகாக ஒரு தட்டு இருந்தது.

"மாமா, மடி!" என்று அலறினேன்.

"நான் குளிச்சாச்சுடா" என்று சொல்லிக்கொண்டே வைத்தார்.

டம்ளர் சறுக்கிப்போய்ப் பளபளத்த பட்டையில் சாய்ந்தது. படீர் என்று ஒரு நீலப் பொறி. ஸ்வரம் பாதியில் அறுந்தது. ரப்பர் தீயும் நாற்றம், புகை, வேட்டியில் காபி. எஞ்சினுக்குப் போகும் கம்பியும் சேர்ந்து கருகியதால் கார் கேட்டின் குறுக்கே செத்து நின்றது. மணி நாலு இருபத்தாறு, நோட்டில் இருக்கிறது.

பின்னால் ஒரு காய்கறி வண்டிக்காரன், "அரே சேட், காடி ஹடாவ்!" என்று காரை நகர்த்தச் சொல்லிக் கூப்பாடு போட்டான். பெரியப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கல்லாகிவிட்டார். அத்தையின் நான்காவது லெட்டர் அவர் கண்முன்னே புகைந்துகொண்டிருந்தது.

முதலில் இறங்கியது பையன்தான். "அப்பா, நீங்க நகந்து நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி, காருக்குத் தோள் கொடுத்தான். காய்கறி வண்டிக்காரனும், மாடியிலிருந்து ஓடிவந்த என் அப்பாவும் கைகொடுத்தார்கள். நடுவில் பையனின் செருப்பு வார் அறுந்தது. ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டித் தள்ளினான். பால்கனியிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அண்ணாந்து பார்த்தால், அத்தை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பையனும் பார்த்தான். கையில் அறுந்த செருப்பைத் தூக்கிக் காட்டினான்.

கார் உள்ளே வந்து சேர்ந்தபோது நாலு முப்பத்தொன்று.

"ராகுகாலம் வந்துடுத்தே. இனிமே எப்படிக் கிளம்பறது?" என்றார் பையனின் அப்பா, ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே.

ஆக, ஆறு மணி வரை அவர் எங்கள் வீட்டில் இருந்தே தீர வேண்டியதாயிற்று. ஒன்றரை மணி நேரம் முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. அரை மணியில் அவர் அத்தையை அந்தச் சரணத்தை மறுபடி எடுக்கச் சொன்னார். திருத்தினார். பிறகு, தீய்ந்த ரேடியோவுக்குப் பதிலாகத் தானே பாடினார். அம்மா மறுபடி காபி போட்டாள். ஆறு அடித்ததும் பையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "லெட்டர்லாம் எதுக்குப்பா?" என்றான். விஷயம் முடிந்தது.

ரேடியோ ஆள் வந்து ரேடியோவைக் கொண்டுபோய்ச் சரிசெய்து, இரண்டு வாரம் கழித்து மாட்டினார். பாட்டரியை மாற்ற மட்டும் பெரியப்பா இந்தத் தடவையும் இடம் கொடுக்கவில்லை, மறுபடி ரப்பர்தான். பெரியப்பா நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினார். ரேடியோ ஆள் சிரிப்புத் தாங்காமல் தரையில் குந்திவிட்டார்.

"என்ன டம்ளர் சாமி வச்சாக?"

"வெள்ளி."

"வெள்ளியா! அதுல கரண்டு ஓடுத மாதிரி வேற எதுலயும் ஓடாதே!"

அம்மா காபி கொண்டுவந்து வழக்கம்போல் படியில் வைத்தாள். அவர் அந்தக் கண்ணாடி கிளாஸை எடுத்துப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவின் மேல் வைத்தார். பட்டையில் படும்படி சாய்த்தும் காட்டினார். பாட்டு நிற்கவில்லை.

"பாத்தியளா? கண்ணாடி. இங்கயும் தொடலாம், அங்கயும் தொடலாம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாது. அன்னைக்குச் சம்பந்தி ஐயாவுக்கு எனக்குக் குடுக்குற கிளாஸுல குடுத்திருந்தியன்னா ரேடியோ பொழச்சிருக்கும்."

பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அந்த கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் குடித்துவிட்டுக் குழாயடிக்குப் போகத் திரும்பியபோது, "வெச்சுடுங்கோ, நான் அலம்பிக்கறேன்" என்றாள். அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். வைத்துவிட்டார்.

அம்மாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சாயங்காலம் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பிளஸ்ஸும் மைனஸும் போட்டு, வெள்ளி, கண்ணாடி, ரப்பர் எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கினேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். அந்தப் பக்கத்தைக் கரப்பான் தொடவில்லை. அடியில் என் கையெழுத்தில் இருக்கிறது: 'இன்று அம்மாவுக்கு மின்சாரம் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் புரிகிறது.'