அப்பா சுற்றப் பழகிய காலைகள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, உலகத்திலேயே உயரமான இடத்தில் வேலை செய்கிறவர் எங்கள் அப்பாதான் என்று வகுப்பில் சொல்லித் திரிந்தேன். கொழும்புத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி இறக்கும் பெரிய கிரேனின் உச்சியில், கண்ணாடித் தரை போட்ட ஒரு சின்ன அறைக்குள் அவர் உட்கார்ந்திருப்பார். கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடிப்படி யன்னலில் ஏறி நின்றால் அந்தக் கிரேன்களின் தலைகள் வரிசையாகத் தெரியும். அதில் அப்பாவுடையது எது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் தோழிகள் வந்தால் ஒன்றைக் காட்டி, அதுதான் என்று அடித்துச் சொல்லுவேன்.

அப்படிப்பட்ட அப்பாவை ஒருநாள் இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து த்ரீவீலிலிருந்து இறக்கினார்கள். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். வாசற்படி எங்கே இருக்கிறது என்று காலால் தடவிப் பார்த்தார். பகலில் குடிக்கிற மனிதர் அல்ல என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரர்களுக்கு அது அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருக்கவில்லை என்பதை அவர்கள் நின்று பார்த்த விதத்தில் உணர்ந்தேன்.

நடந்ததை அப்பா சொல்லவில்லை. கூட்டி வந்தவர்கள்தான் அம்மாவைக் குசினிக்குள் அழைத்துப் போய்த் தணிந்த குரலில் சொன்னார்கள். கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டேன். பெட்டி ஒன்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு உலகம் ஒரே பக்கமாகச் சுழன்றிருக்கிறது. கீழே லொறி நின்றது, ஆட்கள் நின்றார்கள். கண்ணை நம்ப முடியாமல், கீழே நின்றவர் வயர்லெசில் சொல்லச் சொல்ல, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி நிலத்தில் வைத்துவிட்டுத்தான் கையை எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு அவரால் இருக்கையை விட்டு எழும்ப முடியவில்லை. பெல்ட் கட்டித்தான் கீழே கொண்டுவந்தார்களாம்.

ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்தார்கள். காதுக்கு உள்ளே, உடம்பைச் சாயாமல் வைத்திருக்கிற நரம்பு ஒரு பக்கம் பழுதாகிவிட்டது என்று டொக்டர் சொன்னார். வாந்தி நின்றது. சுழற்சி நிற்கவில்லை. வீட்டுக்கு வந்த அப்பா அறையை இருட்டாக்கிக்கொண்டு படுத்தார். மேலே ஃபேன் சுற்றினால் தனக்கும் சுற்றுகிறது என்றார், ஃபேனை நிறுத்தினோம். அந்த வெயில் காலத்தில் மூன்று பேரும் வேர்வையில் ஊறிக் கிடந்தோம். நான் ஓடக் கூடாது, குதிக்கிற சத்தம் கேட்கக் கூடாது, அவர் கண்ணுக்கு முன்னால் குறுக்கே போகக் கூடாது. கழிவறைக்குப் போவதற்கு அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் கை பட்ட இடமெல்லாம் சுவரில் ஒரு மங்கிய கோடு விழுந்தது.

அப்பாவின் அண்ணன், எனக்குப் பெரியப்பா, கிராண்ட்பாஸில் இருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் வந்துவிடுவார். துறைமுகத்தில் கீழே, தரையிலேயே ஒரு வேலை அப்பாவுக்குத் தரத் தயாராக இருக்கிறார்கள், பெட்டிகளின் இலக்கத்தைச் சரிபார்க்கிற வேலை, மேசையும் கதிரையும் உண்டு என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மருத்துவச் சோதனை ஒன்று வரப்போகிறது, அதில் தேறினால்தான் மறுபடியும் மேலே ஏறலாம், தேறாவிட்டால் நிரந்தரமாகக் கீழேதான் என்பதை அப்படித்தான் நான் அறிந்துகொண்டேன்.

வெளிநோயாளர் பிரிவில் பயிற்சி கொடுக்கிற சிங்கள மிஸ் ஒருவர் இருந்தார். அம்மா அப்பாவைத் த்ரீவீலில் ஏற்றி அவரிடம் கொண்டுபோனாள், என்னை வீட்டில் விட ஆளில்லாததால் நானும் போனேன். படுத்திருந்தால் இது ஒருநாளும் சுகமாகாது என்று மிஸ் சிங்களத்தில் சொன்னார். பழுதான பக்கத்தை விட்டுவிட்டு நிற்பதற்கு மூளை புதிதாகப் பழக வேண்டுமாம். அதற்கு எது தலையைச் சுற்ற வைக்கிறதோ அதையே செய்ய வேண்டும். பெரிய வட்டமாக நடக்கவேண்டும், வட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே நடுவுக்கு வரவேண்டும், பிறகு அதே சுருள் வழியாக வெளியே போகவேண்டும், ஒருநாள் வலப்பக்கம், மறுநாள் இடப்பக்கம். சுவரைப் பிடிக்கக் கூடாது, கண்ணை மூடக் கூடாது. "ஹெமின் ஹெமின்," என்று கையால் காற்றில் சுருள் ஒன்றைப் போட்டுக் காட்டினார். மெதுவாக, மெதுவாக. அந்தக் கையைப் பார்த்ததற்கே அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

எங்கள் வீட்டில் சுருளாக நடக்க இடமில்லை. நாலு எட்டு வைத்தால் கட்டில் வரும், திரும்பினால் அலுமாரி வரும். அதனால் அம்மா கோயில் வளவைத் தெரிவு செய்தாள். கத்தோலிக்கர்களான எங்களுக்குக் கோயில் என்றால் தேவாலயம்தான். அதன் பக்கத்தில் வேப்பமரத்தடியில் ஒரு மண்தரை உண்டு. பூசைக்கு ஆட்கள் வருவதற்கு முன்னால், விடிந்ததும் விடியாததுமாக நாங்கள் அங்கே போவோம். அம்மா அப்போது பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகளைக் கைகோத்து வட்டமாகச் சுற்ற வைத்துப் பழகியவள். விளக்குமாற்றுத் தடியால் மண்ணில் பெரிய சுருள் ஒன்றை ஒரே இழுப்பில் கீறினாள். மழை பெய்தால் அழியும், மறுநாள் மறுபடியும் கீறுவாள். அம்மா முன்னால் நடக்க, அப்பா நடுவில், நான் பின்னால்.

எனக்கு அது விளையாட்டாக இருந்தது என்று சொன்னால் பொய்யாகும். அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அது எந்தப் பக்கம் சாயுமோ என்று பயம். வெளிவட்டங்களில் அவர் ஓரளவு நடப்பார். உள்ளே போகப் போக வளைவு இறுகும், அவருடைய கைகள் இரண்டு பக்கமும் விரியும், சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டும். நடுவில் நின்று திரும்புகிற இடம்தான் எல்லாவற்றிலும் மோசமானது. பல நாள் அங்கேயே குனிந்து ஓங்காளித்தார்.

ஒருநாள் காலை அந்த நடுவில் அப்பா விழுந்தார். கால் இடறி விழுந்ததுபோல இல்லை, யாரோ நிலத்தை அவருக்குக் கீழேயிருந்து உருவிவிட்டதுபோல விழுந்தார். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு போன இரண்டு பேர் கோயில் கேற்றடியில் நின்றார்கள். விடியக் காலையிலேயே ஏற்றிவிட்டான் என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. நான் அப்பாவைத் தூக்க ஓடினேன். அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அவ்வளவு இறுக்கமாக அவள் என்னைப் பிடித்ததே இல்லை.

அப்பா மண்ணில் உட்கார்ந்தபடி தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். "காணும். வீட்ட போவம். எனக்கு ஏலாது," என்றார்.

அம்மா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கை நீட்டவில்லை.

"நடுவுல விட்டுட்டுப் போக ஏலாதுங்க. சுத்தி வந்த மாதிரியே சுத்தித்தான் வெளிய போகணும். எழும்புங்க. நான் நிக்கிறன்."

கேற்றடியில் இருந்தவர்கள் போகவில்லை. அப்பா அவர்களைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். முதலில் முழங்கால், பிறகு ஒரு கை, பிறகு இரண்டு காலும். நின்றதும் ஆடினார். அம்மாவின் கை அவருடைய இடுப்புக்குப் பின்னால், தொடாமல், காற்றில் நின்றது. அவர் சாய்ந்த பக்கமெல்லாம் அதுவும் கூடவே போனதை நான் மட்டும் பார்த்தேன். அப்பா ஓரடி வைத்தார், பிறகு இன்னோரடி. கடைசி வட்டம் வரைக்கும் வந்து கோட்டைத் தாண்டி மரத்தைப் பிடித்துக்கொண்டபோது, கோயில் மணி அடித்தது. அம்மா என் தோளை அப்போதுதான் நினைத்துக்கொண்டவள்போல் வந்து தடவிவிட்டாள்.

அன்றைக்குப் பிறகு என்ன மாறியது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரே நாளில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அப்பா எங்களுக்கு முன்னால் எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கத் தொடங்கினார். சுவரில் விழுந்திருந்த கோடு மேலும் கறுக்கவில்லை. ஒரு மத்தியானம் தானாகவே ஃபேனைப் போட்டுவிட்டு அதைப் பார்த்தபடி படுத்திருந்தார். வட்டமாக நடக்கும்போது அவர் பேசவும் தொடங்கினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், முன்னும் பின்னுமாக, அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்போது வாய் தானாகத் திறக்கும்போல. மேலே அந்தப் பெட்டி தொங்கிய நேரத்தில் கீழே நின்ற லொறிக்காரரின் தலை தனக்கு இரண்டாகத் தெரிந்ததை, எந்தத் தலைக்கு மேலே இறக்குகிறோம் என்று தெரியாமல் மாதாவைக் கூப்பிட்டதை, அங்கேதான் அம்மாவின் முதுகுக்குச் சொன்னார். அம்மா திரும்பவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினாள்.

எனக்கும் அந்தக் காலைகள் ஒத்துக்கொண்டன. இரவில் விழித்துக்கொண்டு அப்பாவின் மூச்சைக் கேட்டுக் கிடந்த நான், படுத்ததும் தூங்கினேன். சுருளில் நடக்கும்போது அடுத்த அடியைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாது. நினைத்தால் கோட்டை விட்டு வெளியே போய்விடுவோம். அதற்குள்ளே பயத்துக்கும் இடமில்லாமல் போயிற்று.

சோதனை நெருங்கியபோது பெரியப்பா வந்து, அப்பா குளிக்கப் போயிருந்த நேரத்தில் அம்மாவிடம் கதைத்தார். "நீ சொன்னா அவன் கேப்பான். அந்தக் கீழ வேலைய எடுக்கச் சொல்லு. மேல போய் இன்னொருக்கா இப்பிடி வந்தா ஆர் பதில் சொல்றது?"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் பதில் சொன்னாள். "ஏலாமத்தான் கீழ இருக்கிறன் எண்டு அவர் நினைச்சுக்கொண்டு இருக்கக் கூடாது. ஏலும் எண்டு தெரியட்டும். அதுக்குப் பிறகு மேலயோ கீழயோ, அவர்ட விருப்பம்."

"உன்ட விருப்பம் என்ன?"

அம்மா பானையை அடுப்பில் வைத்தாள். பெரியப்பா போய்விட்டார். பெரியவர்கள் ஒன்றுமில்லாததற்கும் இப்படி இழுபறிப்படுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்குச் சுகம் வரவேண்டும், சுகம் வந்தால் மேலே ஏறுவார், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது.

சோதனையில் அப்பாவைச் சுழல்கதிரையில் வைத்துச் சுற்றி, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வைத்தார்களாம். நின்றாராம். மத்தியானம் தெமட்டகொடைப் பக்கம் யாரோ நண்பர் வீட்டில் இறங்கிவிட்டு, பின்னேரம் கேக் பெட்டியோடு வந்தார். நான் அறைக்கும் குசினிக்குமாகக் கத்திக்கொண்டு ஓடினேன். யாரும் ஓடாதே என்று சொல்லவில்லை. அம்மா கேக்கை வெட்டி முதல் துண்டை அப்பாவுக்கு ஊட்டினாள். அவர் வேலைக்குப் போடும் நீலச் சட்டையை எடுத்து அன்று மாலையே அயன் பண்ணினாள். சட்டையின் ஒரே கையை மடித்து விரித்து மடித்து விரித்து வெகுநேரம் தேய்த்தாள்.

அப்பா மறுபடியும் மேலே ஏறிய நாள் ஒரு திங்கட்கிழமை. விடியுமுன்பே போய்விட்டார். அன்றைக்கு இனிக் கோயில் வளவுக்குப் போகத் தேவையில்லை என்று நான் நினைத்திருந்தேன். அம்மா பாலர் பாடசாலைக்குக் கட்டும் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, எனக்குச் சீருடையும் போட்டு, அங்கேதான் கூட்டிப்போனாள். என்னைப் படியில் புத்தகப்பையோடு உட்கார வைத்துவிட்டு, சுருளில் நடக்கத் தொடங்கினாள். கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தாள். நடுவுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் உள்ளே போனாள். பூசைக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். வேப்பமரத்துக்கு மேலே வெயில் ஏறியது. பள்ளிக்கூட மணி தூரத்தில் அடித்தது எனக்குக் கேட்டது. பிந்திப் போனால் டீச்சர் வெளியே நிறுத்துவார் என்று சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள், ஆனால் நிற்கவில்லை. சந்தோஷம் தாங்காமல்தான் இப்படிச் சுற்றுகிறாள் என்று எண்ணி எனக்கு எரிச்சலாக வந்தது. சந்தோஷத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

போன் அடித்தபோது அவள் நடுவுக்குக் கிட்ட இருந்தாள். காதில் வைத்துக் கேட்டாள். கனநேரம் கேட்டாள். "இறங்கிட்டீங்களா. சரி. சாப்பிடுங்க," என்று மட்டும் சொன்னாள். பிறகு அந்த நல்ல சேலையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஓடிப்போனேன். அவள் முகம் நனைந்திருந்தது. அப்பா விழுந்த அன்று என் தோளை அவள் பிடித்ததுபோல நான் அவள் தோளைப் பிடித்தேன்.

"அம்மா, உங்களுக்கும் தலை சுத்துதா?"

"ஓம் மகள்," என்றாள் அம்மா. "கொஞ்சம்."

கனநேரம் சுற்றினால் யாருக்கும் சுற்றத்தானே செய்யும் என்று நினைத்து, போத்தலைத் திறந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.