லோமானின் செவ்வாய்க்கிழமை

எக்பெர்ட் லோமானை எங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய மொழிகள் துறையில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான் பிடிக்காது, முதல் சில வருடங்கள். நான் துறையின் காரியதரிசி. வருகிறவர் போகிறவர் எல்லோரும் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். லோமான் தாண்டும்போது காலை வணக்கம் சொல்ல மாட்டார். "டீட்ஸம்மா, சாக்பீஸ்" என்பார். அவ்வளவுதான். மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு எடுத்துக் கொடுப்பேன்.

அவர் படித்ததெல்லாம் மூவாயிரம் வருடத்துப் பழைய சமாச்சாரம். வேதம் பாடிய ஜனங்களும், ஈரானில் தீயைக் கும்பிட்ட ஜனங்களும் ஒரு காலத்தில் ஒரே பாஷை பேசிய அண்ணன் தம்பிகளாம். பிறகு பிரிந்தார்களாம். பிரிந்த கையோடு இவர்களுடைய தேவர்கள் அவர்களுக்குப் பேய்களாகிவிட்டார்கள். இவர்கள் அசுரன் என்று ஏசியவன் அங்கே முழுமுதற் கடவுள். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் தாழ்வாரத்தில் சமஸ்கிருதக்காரர்களும் ஈரான்காரர்களும் ஒரு காப்பி மெஷினுக்காக வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் நடந்ததைப் பார்த்தவள் நான்.

லோமானுக்குச் சம்பளம் கிடையாது. பேராசிரியர் ஆவதற்கு வேண்டிய எல்லாப் பரீட்சையும் தேறியவர்தான், பதவி நாற்காலிதான் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் ஊர்ச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. வருடா வருடம் இலவசமாக வகுப்பு எடுத்தால், கற்பிக்கும் உரிமையையும் அதற்கான பட்டத்தையும் வைத்துக்கொள்ளலாம். வகுப்பு நின்றால் இரண்டும் போய்விடும். சலுகையாம்! என் அண்ணன் தன் கசாப்புக் கடையில் வேலைக்கு வந்தவனிடம் இப்படிச் சொல்லியிருந்தால், வந்தவன் கத்தியைத் தூக்கியிருப்பான். லோமான் தூக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் பழுப்புக் கோட்டைத் துலக்கி மாட்டிக்கொண்டு வந்து, ஜன்னலோர அறையில் நாலைந்து பிள்ளைகளுக்கு அந்தப் பழைய ஈரானியப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பிருந்தே அவர் அதைச் செய்துகொண்டிருந்தார்.

வீட்டைக் காப்பாற்றியது அவர் மனைவி அல்முட். செருப்புக் கடையில் விற்பனைக்கு நின்றாள். ஒருமுறை அவர் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க வந்தவள், என் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"இவரு தேவருங்க, அசுரருங்க, அதுல ஒருத்தராவது வந்து வாடகை கட்டுவாங்களான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க டீட்ஸம்மா."

"நீங்க நிறுத்தச் சொல்லலாமே?"

"நிறுத்தவா? நல்லா சொன்னீங்க போங்க. செவ்வாக்கிழமைக்காகத்தான் மனுஷன் திங்கக்கிழமை குளிக்கிறாரு, புதன்கிழமை சாப்பிடுறாரு. அதைப் பிடுங்கினா மனுஷன் கட்டிலை விட்டே எந்திரிக்க மாட்டாரு."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

அவர்மேல் இரக்கப்படலாம் என்று பார்த்தால், வகுப்புக்குள் அவர் பண்ணுகிற அநியாயம் விடாது. பக்கத்து கிராமத்து பேக்கரிக்காரர் மகள் ஸில்கே ஹார்ம்ஸ் என்று ஒருத்தி வந்தாள். கெட்டிக்காரி, கொஞ்சம் பயந்த சுபாவம். ஒரே ஒரு பாட்டை அவளை ஒரு பருவம் முழுக்கத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார். அவள் வாயைத் திறந்தால் கையைத் தூக்குவார், நிறுத்து என்று. ஒருநாள் கதவு திறந்திருந்தது. என் காதிலேயே விழுந்தது.

"ஹார்ம்ஸ், உங்க அப்பா கடை இன்னும் ஓடுதா?"

"ஓடுது சார்."

"நல்லதாப் போச்சு. அங்க மாவு பிசைய ஆள் தேவைப்படும். இங்க தேவையில்ல."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் வேறென்ன செய்வார்கள், அடுத்தது தன் முறை என்று தெரிந்தவர்கள். ஸில்கே என் அறைக்கு வந்து, நான் மதியத்துக்கு வைத்திருந்த பிளம் கேக்கை அழுதுகொண்டே முழுசாகத் தின்று தீர்த்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். பிறகு அவரிடம் படித்தவர்களிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை என்றானது. அவர் அதை ஒருநாளும் அவளிடம் சொல்லவில்லை.

நான் கேட்டே விட்டேன். "ஒரு நல்ல வார்த்தை சொன்னா என்ன சார் குறைஞ்சு போகுது உங்களுக்கு?"

"சரியா இருக்கறதைச் சரின்னு சொல்றதுக்கு வாத்தியார் எதுக்கு டீட்ஸம்மா? தப்பைச் சொல்லத்தான் வாத்தியார்."

ஸில்கே மேற்படிப்புக்கு வேறு ஊர்களுக்குப் போனாள். பழைய பேராசிரியர் ஓய்வு பெற்றார். நாற்காலி காலியானது. லோமான் விண்ணப்பித்தார். எல்லோருக்கும் தெரிந்த பதில்தான் வந்தது. சொந்த வீட்டு ஆளுக்கு நாற்காலி கொடுப்பது எங்கள் பல்கலைக்கழகங்களில் வழக்கமில்லை. வெளியே போய்ப் பெயர் வாங்கித் திரும்பி வர வேண்டும்.

"நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நாமே ஊட்டினா ஊர் என்ன பேசும்?" என்றார் புலமுதல்வர், என் மேசை மேல் சாய்ந்துகொண்டு. வீட்டுப் பிள்ளையாம். ஒரு ரொட்டித் துண்டு போட்டதில்லை அந்த வீடு.

நாற்காலி ஸில்கே ஹார்ம்ஸுக்குப் போனது. செய்தி கேட்டு லோமான் உடைந்து போவார் என்று நினைத்தேன். அன்று காலை அவர் எனக்கு வணக்கம் சொன்னார்! "நான் பழக்கின பொண்ணு டீட்ஸம்மா. அவளுக்குத் தெரியும் இந்த வகுப்போட அருமை" என்றார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பாவி மனுஷன், மனப்பூர்வமாக நம்பினார்.

ஸில்கே இப்போது பயந்த பெண் இல்லை. நல்ல உடை, தாழ்ந்த குரல், என்னிடம் மறக்காமல் பிளம் கேக்கைப் பற்றி விசாரித்தாள். கூடவே டோர்பென் என்ற உதவியாளனை அழைத்து வந்திருந்தாள். அவனுக்கு எடுக்க வகுப்பு வேண்டும். இருப்பதோ லோமானின் வகுப்பு ஒன்றுதான். லோமானை அழைத்து, என் எதிரிலேயே பேசினாள்.

"துறைக்கு உங்க வகுப்பு தேவையான்னு ஒரு கேள்வி வந்திருக்கு சார். இலையுதிர் காலத்துல ஒரு சொற்பொழிவு குடுங்களேன். எல்லாரையும் கூப்பிடுறேன்."

"தேர்வா?"

"ஐயோ, உங்களுக்கு நான் தேர்வு வைக்கிறதா? கேட்டுட்டு முடிவு பண்ணலாம், அவ்வளவுதான்."

கோடை முழுவதும் தயார் செய்தார். இரவல் வாங்கிய புத்தகங்களைப் பையில் சுமந்து திரிந்தார். அல்முட் கடையிலிருந்து புதுச் செருப்பு கொண்டுவந்து கொடுத்தாள். சொற்பொழிவு நாளன்று காலை ஸில்கே என்னைப் பூங்கொத்தும் நல்ல ஒயின் ஒரு பாட்டிலும் வாங்கி வரச் சொன்னாள். யாருக்கு என்றேன். "ஒரு விருந்தாளிக்கு" என்றாள். வாங்கி வந்து சமையலறையில் வைத்தேன்.

இடம் கொள்ளாத கூட்டம். நான் கதவோரம் நின்றேன். லோமான் எடுத்துக்கொண்டது, இறந்தவனின் உயிர் போகும் வழியைப் பற்றிய பகுதி. உயிர் மூன்று இரவு உடலின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும். விடியும்போது வாசனையுள்ள காற்று வீசும், அதில் ஒரு பெண் எதிரே வருவாள். நீ யார், இவ்வளவு அழகை நான் கண்டதில்லையே என்று உயிர் கேட்கும். நான் வேறு யாருமில்லை, நீ நினைத்ததும் பேசியதும் செய்ததும்தான் நான் என்பாள் அவள். கெட்டவனுக்கு நாற்றக் காற்றில் அருவருப்பான ஒருத்தி வருவாள். இதை லோமான் சொன்ன விதத்தில், பாஷை தெரியாத எனக்கே மேல் சிலிர்த்தது. காகிதத்தைப் பார்க்கவே இல்லை. யாரையும் குத்தவில்லை. முதல் வரிசையில் ஸில்கே தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எந்தக் காற்றில் அவள் வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

முடித்தார். சாக்பீஸைக் கீழே வைத்தார்.

எங்கள் ஊரில் பேச்சு பிடித்தால் கைதட்ட மாட்டோம். விரல் முட்டியால் மேசையைத் தட்டுவோம். முதலில் தட்டியது ஸில்கேதான். உடனே அறை முழுக்கத் தட்டியது. நிற்கவே இல்லை. புலமுதல்வர் இரண்டு கையாலும் தட்டினார். வாழ்நாளில் லோமானுக்கு யாரும் இப்படித் தட்டியதில்லை. அவர் கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் சிரித்தார், பரீட்சை தேறிய பையனைப் போல. நானும் முட்டாளாட்டம் கதவு நிலையைத் தட்டினேன்.

அப்போதுதான் டோர்பென் பூங்கொத்தோடு என்னை உரசிக்கொண்டு உள்ளே போனான்.

ஸில்கே எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இத்தனை வருஷம் நம்ம துறைக்காக உழைச்சு, இன்னிக்கு விடைபெறுகிற லோமான் சாருக்கு நம்ம எல்லாருடைய அன்பும் நன்றியும்."

லோமான் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யார் விடைபெறுகிறார்கள் என்று. கரும்பலகைதான் இருந்தது.

பூவைக் கையில் திணித்தார்கள். நான் முன்னால் போய்விட்டேன், எதற்கென்று தெரியாமலே. அவர் ஸில்கேயிடம் தணிந்த குரலில் சொன்னார்: "அடுத்த செவ்வாக்கிழமை எட்டாவது பாட்டு ஆரம்பிக்கணும்."

"அதை டோர்பென் பாத்துக்குவாரு சார்."

"கேட்டுட்டு முடிவு பண்றேன்னு சொன்னீங்க."

"முடிவு வசந்த காலத்துலயே ஆயிடுச்சு. இது உங்களுக்குப் பண்ற மரியாதை."

வெறிபிடித்தாற்போல வந்தது எனக்கு. அந்த ஒயின் பாட்டிலை யார் தலையிலாவது உடைத்திருப்பேன். லோமான் கோபப்படவில்லை. வாழ்க்கை முழுவதும் அவர் பிறருக்குச் சொன்ன ஒன்றைத் தனக்கும் யாராவது சொல்ல வேண்டும் என்று நின்றார். அது கிடைத்தால் வீட்டுக்குப் போய்த் திருத்தலாமே.

"எங்க தப்பு, ஹார்ம்ஸ்? எந்த வரியில?"

ஸில்கே அவர் கோட்டுக் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தன் விரலால் மெதுவாகத் தட்டிவிட்டாள்.

"ஒரு தப்பும் இல்ல சார். இதைவிட நல்ல பேச்சை நான் கேட்டதே இல்ல" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. கூட்டம் மறுபடியும் மேசையைத் தட்டியது.