கூலர் கிளிப்பின் நெளிந்த கால்

தொண்ணூறுகளில் தில்லியில், அரசு அலுவலகங்களுக்கு வேண்டிய சாமான்களைச் சரிபார்த்து வாங்கும் பிரிவில் இருந்தேன். அங்கே கடவுளுக்கு அடுத்த இடம் முத்திரையிட்ட மாதிரிக்குத்தான். எந்தச் சாமானானாலும் ஒன்றை அட்டையில் கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்திவிடுவோம். பிறகு வருவதெல்லாம் அதைப் போலவே இருக்க வேண்டும். அதைவிட நன்றாகவும் இருக்கக் கூடாது.

அந்த வருடம் கூலர் கிளிப். கூலரின் பக்கத் தட்டில், தண்ணீர் சொட்டிக் காற்றைக் குளிர்விக்கும் புல் பாய் சரியாமல் பிடித்துக்கொள்ளும் வளைந்த கம்பி அது. விரல் நீளத்தில் இரண்டு கால், நுனியில் கொக்கி. முத்திரை வைக்கும் அன்று என் மேஜை இழுப்பறை சிக்கிக்கொண்டது. உள்ளே என் தயிர்சாத டப்பா. கையில் அகப்பட்ட மாதிரிக் கிளிப்பால் நெம்பினேன். இழுப்பறை திறந்தது, கிளிப்பின் ஒரு கால் நெளிந்தது. நிமிர்த்திப் பார்த்தேன், மசியவில்லை. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அப்படியே அரக்கை ஊற்றினேன்.

தில்லி மாயாபுரியில் பட்டறை வைத்திருந்த கோவில்பட்டிக்காரர் ஒருவருக்கு ஆர்டர் போயிற்று. சுருள் கம்பியை உருளைகளுக்கு நடுவே இழுத்து நேராக்கி, அளவாக வெட்டி, இரும்புத் தட்டில் நட்ட முளைகளைச் சுற்றி வளைப்பார். விட்டதும் கம்பி கொஞ்சம் விரியும் என்பதால் ஒரு மயிரிழை கூடுதலாக வளைப்பார். தொழில் தெரிந்த மனுஷன்.

சரக்கைப் பார்க்க என் அதிகாரியோடு போனேன். அதிகாரி வடக்கத்திக்காரர். ஒரு கிளிப்பை மாதிரியின் பக்கத்தில் வைத்து, கால் ஏன் நேராக இருக்கிறது என்றார். பட்டறைக்காரர் என்னிடம் தமிழில் சொன்னார்:

"மாதிரி எங்கயோ அடிபட்டிருக்கு சார். கால் நேரா இருந்தாத்தான் பாயப் பிடிக்கும்."

மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டால் மொத்தச் சரக்கும் தள்ளுபடி. அடுத்து ஆர்டரே கிடையாது. தமிழ் தெரியாத அதிகாரி, என்ன சொல்கிறார் என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார். நான் உண்மையைச் சொன்னால் அந்த மனுஷன் பிழைத்துக்கொள்வார். ஆனால் முத்திரை மாதிரியைக் கெடுத்தவனுக்குப் பதவி உயர்வு தருவார்களா? என் பதவி உயர்வு ஃபைல் அதிகாரியின் மேஜையில்தான் கிடந்தது.

கூலரின் அதிர்வைத் தாங்க வைத்த வளைவு அது என்று இந்தியில் சொல்லிவிட்டுத் தமிழிலும் சொன்னேன். பொய்யை இரண்டு மொழியில் சொல்லும் வசதி தில்லித் தமிழனுக்கு உண்டு. அதிகாரி "அச்சா" என்று தலையாட்டி, திருத்தித் தர ஒரு வாரம் கொடுத்தார்.

துத்தநாகப் பூச்சு முடிந்த கம்பியை மறுபடி முளையில் போட்டால் பூச்சு உரியும். அதனால் அவரும் மனைவியும் உட்கார்ந்து, ஒவ்வொரு கிளிப்பையும் துணி சுற்றிய குறடால் நெளித்தார்கள். அடுத்த வாரம் போனபோது அவருடைய இரண்டு கட்டைவிரலிலும் கட்டு. சரக்கு மாதிரியை அப்படியே உரித்து வைத்திருந்தது. அது பாயைப் பிடிக்காது என்பது எனக்கு மட்டும் தெரியும். அவர் தந்த டீயை, அந்த விரல்களைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

"நல்லவேளை, நீங்க சொன்னீங்க சார்," என்றார். "இருபது வருஷமா கம்பி வளைக்கிறேன், இந்த அதிர்வு விஷயம் எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

சரக்கு திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.