பரிசோதகருக்குப் போட்ட சாப்பாடு

எங்கள் பட்டறைக்கு வந்த வருமான வரி உத்தரவு இன்னும் என்னிடம் இருக்கிறது. 1974 மார்ச். எந்த நாள் என்பதை ரப்பர் முத்திரை மறைத்துவிட்டது. மூன்றாம் பத்தியைத் தமிழில் சொன்னால்: “பரிசோதகர்களுக்கு அளித்த மதிய உணவுச் செலவு முழுதும் தொழிற்செலவாக ஏற்கப்படுகிறது.”

மண்ணூர்பேட்டை ஓரத்தில், அம்பத்தூர் இண்டஸ்டிரியல் எஸ்டேட்டுக்குள், நானும் என் கணவரும் கூட்டாளிகளாக நடத்திய லேத் பட்டறை அது. இயந்திரங்கள் அவர் பொறுப்பு. கணக்கும் கடிதங்களும் என் பொறுப்பு. எங்களிடம் புஷ் என்னும் உருளை உதிரிபாகத்தை வாங்கிய கம்பெனி ஒவ்வொரு முறையும் ஒரு பரிசோதகரை அனுப்பும். அவர் ஒவ்வொன்றாக அளந்து முத்திரை குத்தினால்தான் சரக்கு வெளியே போகும். முதல் தடவை வந்தவர் சாப்பிடப் போகிறேன் என்று கிளம்பினார். அன்று திரும்பவில்லை, மறுநாளும் வரவில்லை. அதிலிருந்து பரிசோதனை நாட்களில் நானே சமைத்து டிபன் கேரியரில் கொண்டுவந்தேன். அரிசி, காய் வாங்கிய செலவைத் தொழிற்செலவில் எழுதினேன்.

வரி அதிகாரி அதை அடித்துவிட்டார். விருந்துச் செலவை வருமானத்திலிருந்து கழிக்க விடாதபடி சட்டம் இறுகியிருந்த காலம்.

“இது உபசாரம் அம்மா. அவர் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வரலாமே?”

“பக்கத்தில் ஓட்டல் இல்லை, சார்.”

“இவ்வளவு பெரிய எஸ்டேட்டிலா?”

அவர் சிரித்தது உறுத்தவில்லை. வீட்டுச் சமையலைக் கம்பெனிக் கணக்கில் ஏற்றிய பெண் என்று என்னைப் பார்த்தாரே, அதுதான் உறுத்தியது. என் கணக்கு பொய்க் கணக்காக முடியக் கூடாது. நேரில் வந்து பார்க்கும்படி மனு எழுதிக் கொடுத்தேன்.

வந்தார். இயந்திரங்களையும் சரக்கையும் பார்த்தார். மதியம் என் கணவர் சாப்பிடக் கூப்பிட்டபோது கையெடுத்துக் கும்பிட்டார்.

“தண்ணீர்கூட வேண்டாம். விசாரணை நடக்கிறது. அந்த ஓட்டலையும் பார்த்துவிட்டு வருகிறேன்.”

குடையோடு அவர் வாசலைத் தாண்டியதும், லேத் ஓட்டும் எங்கள் டர்னர், “அண்ணி, சாரு ஆவடி வரிக்கும் நடக்கப் போறாரு!” என்றான்.

வெகுநேரம் கழித்து, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கத் திரும்பி வந்தார். எங்கள் கேட்டருகே கூழ்க்காரம்மாவின் வண்டி நின்றது.

“இன்னா சார், இங்கியும் அங்கியும் நடந்துகினே கீறே?”

“ஓட்டல் எங்கேயம்மா இருக்கிறது?”

“இங்க ஏது ஓட்டலு? ஸ்டேஷனாண்ட போவணும். போயிட்டு வர்றதுக்குள்ள கம்பெனில வேலைக்கு சங்கு ஊதிடுவான். இந்தா, ஒரு சொம்பு குடி.”

“மிளகாய் வேண்டாம்.”

“மொளகா இல்லாம குடிக்க இது இன்னா ஆசுபத்திரியா?”

நின்றபடியே இரண்டு சொம்பு குடித்தார். காசு கொடுத்தார். உள்ளே வந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“சாப்பாடு வராவிட்டால் பரிசோதகர் என்ன செய்வார்?”

“வெளியே போவார், சார். நீங்கள் இப்போது வந்த நேரத்துக்கு வருவார். வந்தால்.”

என் கணவர் சட்டென்று லேத் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே தன் காகிதத்தில் ஏதோ எழுதினார்.

உத்தரவு வந்த அன்று எல்லா மோட்டாரையும் நிறுத்திவிட்டு என் கணவர் அதை உரக்கப் படித்தார், மூன்றாம் பத்தியை இரண்டு தரம்.

“அண்ணி, கவர்மெண்டே உன் கொழம்புக்கு சீல் குத்திட்டான்!” என்று டர்னர் கூவினான்.

மறுநாள் பட்டறையில் அத்தனை பேருக்கும் வடை, பாயசத்தோடு நான் சமைத்துப் போட்டேன். அது விருந்து, சந்தேகமே இல்லை. ஆகவே அதை வீட்டுக் கணக்கில் எழுதினேன்.

எங்கள் உத்தரவின் நகலைக் காட்டிப் பூந்தமல்லிப் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவரும் இதே கழிவைப் பெற்றார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவருக்கு வந்த உத்தரவை நான் பார்த்ததில்லை. இதை இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.