மோசே தந்த ஓர் இரவு

சபையிலிருந்து ஒருவரை நீக்கப் பதினைந்து நாள் நோட்டீஸ் தர வேண்டும். செயலாளரான எனக்கு அந்த விதி மனப்பாடம்.

எழுபதுகளில், கடத்தூர்ப் பக்கம் தண்ணீர்ப் பஞ்சம். போதகர் சபைக் கிணற்றைப் பூட்டினார்.

"கெணத்தப் பூட்டிட்டு என்னங்க ஜெபம்?" என்று கேட்டார் சபை உறுப்பினர் சின்னப்பன்.

"கடவுள் வெச்ச தலைவன் மோசேய எதிர்த்த கோராகைப் பூமியே விழுங்கிச்சு, தெரியுமில்ல?" என்றார் போதகர்.

அன்றே நீக்க உத்தரவை எழுதினேன். சின்னப்பன் மேலிடத்துக்கு மனுப் போட்டார். பதில் வருமுன் இறந்தார். நீக்கப்பட்டவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை.

"காயிதம் வந்துச்சுங்களா? எங்கூட்டுக்காரர எங்கங்க பொதைக்கிறது?" என்றார் அவர் மனைவி.

"வரலைம்மா" என்றேன். விதி அப்போதும் மனப்பாடமாகத்தான் இருந்தது. ஏரிக்கரையில் புதைத்தார்கள்.

அன்றுதான் பைபிளில் கோராகின் கதை வரும் அதிகாரத்தை முழுதாகப் படித்தேன். கோராகு எதிர்த்ததும் மோசே கடவுள்முன் முகங்குப்புற விழுந்தார். விடியும்வரை அவகாசமும் தந்தார். நாங்கள் அந்த ஓர் இரவைக்கூடத் தரவில்லை.

நீக்கம் செல்லாது என்ற பதில், புதைத்த மூன்றாம் நாள் வந்தது.